திரேசியா டீச்சரின் கள்ளக்காசு

கண் ஆபரேஷன் முடிந்து திரேசியா டீச்சர் வீட்டுக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை. மாடி ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கின் மேல் புத்தம் புதிய சோடாப்புட்டிக் கண்ணாடி. மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் என்னிடம் கொடுத்து வைத்திருந்த டின் அது. அன்று காலையில்தான் அதை மேலே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

டின்னுக்குள் பழைய வெளிநாட்டு நாணயங்கள். அவற்றின் நடுவே ஒரு பட்டுத்துணிப் பொட்டலம். டீச்சர் அதைப் பிரித்து, உள்ளங்கைக் குழியை நிறைக்கும் ஒரு பெரிய வெள்ளிக் காசை எடுத்தார். ஒரு பக்கம் முக்காடிட்ட பெண்ணின் முகம். மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு. முகத்தைப் பார்த்தார். கழுகைப் பார்த்தார். பிறகு காசின் விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாகச் சுற்றினார். விளிம்பைச் சுற்றிலும் பொடி எழுத்துகள் ஓடின.

நான் சாயா டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறதா டீச்சர் என்று கேட்டேன். நல்ல பதில் வரும் என்ற நம்பிக்கையில் கேட்ட கேள்வி.

"இது என்டேதல்ல மோளே," என்றார் டீச்சர். "இது நல்ல வெள்ளியாணு. என்டேது கள்ளக் காசாயிருந்நு."

மலையாளம் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது என்னுடையது இல்லை மகளே, இது அசல் வெள்ளி, என்னுடையது போலிக் காசு.

சாயா டம்ளர் கையைச் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை. கொடுத்து வைத்த பொருள் குறைந்து போனால் தலை குனிந்து நிற்பதை எல்லோரும் அறிவோம். கூடிப் போனதற்காக நான் நின்றேன்.

ஒரு வாசகியின் கேள்வி

கொச்சி மட்டாஞ்சேரியின் பழம்பொருள் கடைகளைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருடைய மாமனார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த காசுகள் கறுத்துக் கிடக்கின்றனவாம். எந்த நாட்டுக் காசு என்றுகூடத் தெரியவில்லையாம். புளி போட்டுத் தேய்த்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா. தயவுசெய்து வேண்டாம்.

இரண்டு வரியில் பதில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த இரண்டு வரி எனக்கு எப்படித் தெரியவந்தது என்று யோசித்ததும் பேனா நின்றுவிட்டது. இத்தனை வாரமாக எழுதுகிறேன், திரேசியா டீச்சர் பெயரை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. மறந்ததால் அல்ல.

கீழே நாங்கள், மேலே அவர்

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில் நான் மட்டாஞ்சேரிக்கு வந்தேன். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குச் சொந்த ஊர். என் வீட்டுக்காரர் சுந்தரம் ஏலூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். வேலை அங்கே, வீடு இங்கே. போட்டில் உப்பங்கழிக் காயலைக் கடந்து எர்ணாகுளம், அங்கிருந்து பஸ். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்பவர்களிடம் வாடகையைச் சொல்வார். உண்மையில் இவருக்கு அந்தப் போட்டுப் பயணம் பிடித்திருந்தது.

திரேசியா டீச்சர் வீட்டின் கீழ்ப்பாகம் எங்களுக்கு. மேலே டீச்சர் தனியாக. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கணவர் அந்தோணி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குழந்தைகள் இல்லை. அந்தோணி கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை வைத்திருந்தவர். முட்டை, வெங்காயம், புகையிலை, கயிறு என்று மாலுமிகள் கேட்பதையெல்லாம் படகில் ஏற்றிக்கொண்டு போவாராம்.

வீட்டுக்கு இரண்டு பக்கமும் சுக்குக் கிடங்குகள். துவைத்துக் காயப்போட்ட சேலையை மடிக்கும்போது சுக்கு வாசம்தான் வரும். எங்களுக்கு மேலே கூரை என்பது வெறும் மரப்பலகை. டீச்சர் நாற்காலியை நகர்த்தினால் எங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஜெபமாலை சொன்னால் ஒவ்வொரு வார்த்தையும் இறங்கி வரும். நாங்கள் பேசுவது மேலே ஏறும் என்பதை மட்டும் ஏனோ நாங்கள் யோசித்ததில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேருக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் டீச்சருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். பேசினால் மலையாளமும் தமிழும் கலந்து வரும். என்னை மோளே என்பார். இவரைச் சுந்தரா என்பார்.

முதல் வருஷம் இவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. டீச்சர்தான் கீழாநெல்லி தேடிப்பிடித்து அரைத்துக் கொடுத்தார். உப்பில்லாத கஞ்சியை இவர் தள்ளிவிட்டால், வகுப்பில் பையனை அதட்டுவது போல அதட்டிக் குடிக்க வைப்பார். என் மாமியார் ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் பாதி உடம்பு தேறிவிட்டது. இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், இவர் செய்த காரியம் கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை. நன்றியில்தான் தொடங்கியது.

டின்

டீச்சரின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. எர்ணாகுளத்தில் ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் செய்துகொண்டு, பள்ளுருத்தியில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. மழைக்காலம் முடியும்வரை மாடி பூட்டியிருக்கும். புறப்படும் முன் அந்த பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்தார். அந்தோணி கடையில் மாலுமிகள் சில்லறைக்குப் பதிலாகத் தள்ளிவிட்டுப் போன காசுகள், வேறொன்றும் இல்லை என்றார். ஒன்றும் செய்ய வேண்டாம், உள்ளே வைத்தால் போதும் என்றும் சொன்னார்.

ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த வார்த்தையை அப்படியே இவரிடம் சொன்னேன். அதை நான் அடிக்கடி எனக்கே நினைவுபடுத்திக்கொள்வதுண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் டின்னைத் திறந்து பார்த்தார். பெரும்பாலும் செப்புக் காசுகள், புளியங்கொட்டை நிறத்தில். சிலவற்றில் பச்சைக் களிம்பு. நாங்களும் ரசித்துத்தான் பார்த்தோம். எது எந்த நாடு என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஓட்டை போட்ட ஒன்றைச் சீனாக்காசு என்று இவர் சொன்னார், நான் நம்பினேன். அது ஆப்பிரிக்காக் காசு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் ஏலூரிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் திராவகம் கொண்டுவந்தார். டீச்சர் வரும்போது எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும், புதுக் கண்ணால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். கேட்டுவிட்டுச் செய்யலாமே என்றேன். கேட்டால் பிறகு என்ன ஆச்சரியம் இருக்கிறது என்று சிரித்தார்.

பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் கலந்த திராவகம். ஒரு காசைப் போட்டதும் சீறிக்கொண்டு நுரை வந்தது. எடுத்துக் கழுவினால் இளஞ்சிவப்பு. பிறந்த குழந்தையின் உள்ளங்கால் போல இருந்தது. அசிங்கமாகக் கிடந்தது அழகாகிவிட்டது என்று நானும்தான் மகிழ்ந்து போனேன். பாதிக் காசுகளை அன்று அப்படிச் சுத்தம் செய்தார். பட்டுத்துணிப் பொட்டலத்தை மட்டும் நான் தொட விடவில்லை. தனியாகச் சுற்றி வைத்திருக்கிறாரே, அது வேண்டாம் என்றேன். சரி என்றார்.

அதன்பிறகு டின்னை நான் திறக்கவில்லை. மாடிக்குக் கொண்டுபோன நாள்வரை அந்தப் பொட்டலம் கைபடாமல் இருந்தது என்றே நினைத்திருந்தேன்.

மாலுமியின் விரல்

ஜன்னலோரத்துக்குத் திரும்பிவிடுகிறேன்.

டீச்சர் கோபப்படவில்லை. அந்த வெள்ளிக் காசை மேஜை மேல் வைத்தார். பிறகு, என்னிடம் ஏதோ விளக்க வேண்டியவர் அவர்தான் என்பது போல, அந்தக் கள்ளக்காசின் கதையைச் சொன்னார்.

அந்தோணி கடை திறந்த முதல் வாரம். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏடனிலிருந்து வந்த கப்பலின் மாலுமி ஒருவன் புகையிலையும் தேங்காயெண்ணெயும் வாங்கிக்கொண்டு இந்தப் பெரிய காசை நீட்டியிருக்கிறான். ஆஸ்திரிய ராணியின் முகம் போட்ட காசு. அரபிக் கரையெங்கும் அன்றைக்கு அதுதான் செலாவணி. அந்தோணி அதைக் கல்லில் தட்டிப் பார்க்கக் கையை உயர்த்தியபோது, மாலுமி முகத்தைச் சுற்றியிருந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக் காட்டினானாம். அந்தோணி எழுத்துக்கூட்டிப் படித்தார். தெரேசியா.

வீட்டில் புது மனைவி திரேசியா. கையில் ஒரு வெள்ளித் தெரேசியா. பிறகு எங்கே தட்டிப் பார்ப்பது?

மறுநாள் பொற்கொல்லர் விளிம்பில் லேசாகச் சுரண்டிவிட்டுச் சிரித்தாராம். செம்பின் மேல் வெள்ளி முலாம். அசல் காசில் விளிம்பைச் சுற்றி எழுத்து இருக்கும். இது மொட்டை விளிம்பு. அந்தோணியும் சிரித்தார். அதன்பின் ஒவ்வொரு கல்யாண நாளன்றும் அதை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தத் திரேசியாவை எவனிடமும் செலவழிக்க முடியவில்லை, அதனால்தான் வீட்டோடு இருக்கிறாள் என்று சொல்லிச் சிரிப்பாராம்.

சொல்லும்போது டீச்சரும் சிரித்தார். கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"இது நீ அறியாத காரியம். அது உன் முகத்தில் உண்டு," என்றார். "இதைக் கொண்டுபோ மோளே. இது வேறே யாரோட தெரேசியாவோ."

பலகைக்குக் கீழே

அன்று சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும் முன்பே காசைக் காட்டிக் கேட்டேன்.

முதலில் எந்தக் காசு என்றார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நான் தையல் துணி கொடுக்க வெளியே போயிருந்த ஒரு நாள், கறுத்திருந்த அந்தப் பெரிய காசையும் சுத்தம் செய்து வைத்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று நினைத்துத் திராவகத்தில் போட்டிருக்கிறார். வெள்ளி கரைந்து செம்பு வெளியே வந்துவிட்டது. படித்த மனிதர், அது போலிக் காசு என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. டீச்சருக்கு அது தெரிந்திருக்காது, தெரிந்தால் மனம் ஒடிந்துபோவார் என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். பழம்பொருள் தெருவில் அதே முகம், அதே வருஷம் போட்ட அசல் காசு கிடைத்தது. அந்த ராணி இறந்த பிறகும் அதே வருஷத்தைப் போட்டு எத்தனையோ காலம் அச்சடித்தார்களாம். அதனால் தேடுவது கஷ்டமாகவே இல்லையாம்.

"நஷ்டம் யாருக்கு சொல்லு?" என்றார். "அவங்க வெச்சிருந்தது பித்தலாட்டம். நான் வெச்சது அசல். இதிலே என்ன குத்தம்?"

பழைய காசு எங்கே என்று கேட்டேன். போட்டில் வரும்போது காயலில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. திராவகத்தில் போட்டுக் கெடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை டீச்சரிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிடிபட்டவர்களுக்கு வரும் கோபம். குரல் உயர்ந்தது.

"கண்ணு தெரியாத கிழவி, அவங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுதுன்னு நெனச்சேன். போதுமா?"

மேலே ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. அது பாதி வரியில் நின்றது.

நாங்கள் இரண்டு பேரும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். நாற்காலி சத்தம் இல்லை. நடக்கும் சத்தம் இல்லை. வெகுநேரம் கழித்து ஜெபம் மறுபடி தொடங்கியது. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று அவர் தாழ்த்திக்கொண்டார் என்பது புரிந்தபோது, எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காலையில் டீச்சர் எப்போதும் போலப் படியிறங்கி வந்தார். வாசலில் இவர் நின்றிருந்தார்.

"சுந்தரம் சார், பேப்பர் வந்நோ?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். சுந்தரா என்பது போய்விட்டது, மரியாதையில் ஒரு குறையும் இல்லை. இவர் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். இரண்டு நாள் பொறுத்து, திருப்பூணித்துறைப் பக்கம் வேறு வீடு பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு இவரிடம் நான் சொன்ன முதல் முடியாது அதுதான்.

அசல்தான், அதுதான் கஷ்டம்

அந்த வெள்ளிக் காசை நானே கடைக்குக் கொண்டுபோனேன். பழம்பொருள் தெரு அப்போதுதான் தெருவாகிக்கொண்டிருந்தது. மிளகுக் கிடங்காக இருந்தவை ஒவ்வொன்றாகக் கடையாகி, வாசலில் ஆளுயரக் கடிகாரமும் பீங்கான் தட்டும் வெளிவந்துகொண்டிருந்த காலம்.

கடைக்காரர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கள்ளக்காசு என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டார். இல்லை, அசல்தான், அதுதான் கஷ்டம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். புருஷன் வாங்கியதைப் பெண்டாட்டி திருப்பிக் கொண்டுவருகிறாள், வீட்டில் என்ன சண்டையோ என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. என்ன சண்டை என்று அவர்களுக்குத் தெரியாததே நல்லது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மீண்டும் பச்சை

சில வாரங்கள் கழித்து டீச்சர் என்னை மேலே கூப்பிட்டார். இளஞ்சிவப்பாக்கிய செப்புக் காசுகளில் பச்சைப் பொட்டுகள் வெடித்திருந்தன. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. திராவகத்தைச் சரியாகக் கழுவவில்லை, அது உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்தது.

"ஆரெங்கிலும் அறியுந்நவரோட கேட்டு, நீ செய்," என்றார். விவரம் தெரிந்தவர் யாரையாவது கேட்டு நானே சரிசெய்ய வேண்டுமாம்.

ஒரு முறை கெட்டுப்போன பொருளை அதே கையில் மறுபடி கொடுக்கிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைத் தாங்குவதுதான் சிரமமாக இருந்தது.

எர்ணாகுளத்தில் பழைய காசு சேர்க்கும் ஒரு வங்கிக்காரர் இருந்தார். தேடிப்பிடித்துக் கேட்டேன். அவர் முதலில் கேட்டது, எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்றுதான். சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வழி சொன்னார்.

வாசகிக்கும் அதையே சொல்கிறேன். முதலில் என்ன உலோகம், எந்த நாடு என்று தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை கை வைக்காதீர்கள். காசை விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் படக் கூடாது. புளி, எலுமிச்சை, சாம்பல், பாலிஷ் எதுவும் ஆகாது. கறுப்பு என்பது அழுக்கு இல்லை. அது காசின் தோல், அதை உரித்தால் திரும்ப வராது. வெள்ளிக் காசு கறுத்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மண் ஒட்டியிருந்தால், பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஊறி இளகிய மண்ணை மூங்கில் சிம்பால் மெல்லத் தள்ளுங்கள். தேய்க்காமல், பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து நன்றாக உலரவிடுங்கள். பச்சைப் பொடி உதிரும் காசை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள், அது பரவும்.

எங்கள் காசுகளில் திராவகம் இருந்ததால் முதலில் ஒரு சிட்டிகை சமையல் சோடா கரைத்த நீர், பிறகு வெறும் தண்ணீர், மறுபடி தண்ணீர் என்று வாரக்கணக்கில் ஓடியது. சாப்பாட்டு வேலை முடிந்ததும் மேலே போய்விடுவேன். நான் காசுகளை ஊறவைத்து ஒற்றி எடுப்பேன். டீச்சர் லென்ஸை வைத்து வாசிப்பார். மாதா கோயிலில் கேட்டுப் பழகிய லத்தீன் அவருக்குக் கொஞ்சம் தெரியும். சிங்கம் நிற்கும் காசும், மூன்று எழுத்து பின்னிய முத்திரைக் காசும் டச்சுக் கம்பெனியுடையவை என்று சேர்ந்து கண்டுபிடித்தோம். சதுரமாக இருந்தது மலாயா. தராசுப் படம் போட்டது ஸான்ஸிபார். அந்தோணி இதையெல்லாம் போர்ச்சுகல் காசு என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார் என்று சொல்லி டீச்சர் சிரிப்பார்.

திராவகம் தின்ற முகங்கள் மட்டும் திரும்பவில்லை. சில காசுகளில் வருஷமே இல்லை. அவற்றை லென்ஸில் பார்க்கும்போது டீச்சர் தனியாக வைத்துவிடுவார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் பழம்பொருள் தெருவில் வெள்ளைக்காரர் கூட்டம் பெருகியது. கடைக்காரர்கள் காசுகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். எந்த நாடு, கழுவலாமா, கழுவக்கூடாதா என்று கேட்பார்கள். நான் காசைத் திருப்பும் முன் விளிம்பைப் பார்ப்பதைக் கண்டு, சேச்சி பெரிய விவரக்காரி என்பார்கள். எங்கே படித்தீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, வீட்டில் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

பெயர்

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு இவர் மாடிப்படி ஏறாமலேயே மாதங்கள் போயின. வாடகையை என்னிடம் கொடுத்து அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மேலே பேசிச் சிரிப்பது பலகை வழியாக இறங்கியிருக்கும். நான் கீழே வரும்போது இவர் படிக்காத பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு இருப்பார்.

ஒரு ஞாயிறு, நாங்கள் ஸான்ஸிபார் காசைப் பார்த்துக்கொண்டிருந்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. இவர் வாசலில் வந்து நின்றார். இரண்டு கையிலும் டிஸ்டில்ட் வாட்டர் பாட்டில்கள். நான் வாங்கிவரச் சொல்லவில்லை.

"டீச்சர், காசை மாத்தினது நான்தான்," என்றார். "பழசைக் காயல்ல போட்டுட்டேன்."

டீச்சர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தெரியும் என்பது போலத் தலையை மட்டும் அசைத்தார்.

"அன்னிக்குக் கீழே நான் சொன்னது..." என்று தொடங்கினார்.

"கேட்டது," என்றார் டீச்சர்.

ஜன்னலுக்குக் கீழே யாரோ கைவண்டியில் மூட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். வண்டியின் சத்தம் தெருமுனை வரை போய் அடங்கியது. டீச்சர் லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு, முதல் முறையாக இவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆசிட்டில் இட்டப்போ, பேரு போயோ?"

முகத்தைச் சுற்றி எழுதியிருந்த பெயரைக் கேட்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. போய்விட்டது என்று இவர் சொல்லிவிட மாட்டாரா என்று என் மனம் அடித்துக்கொண்டது. சொல்லியிருந்தால், பெயரில்லாத வெறும் செம்பைத்தான் எறிந்தார் என்று டீச்சரும் நம்பியிருப்பார். காயலுக்கு அடியில் போய் யார் பார்க்கப் போகிறார்கள்? இன்னொரு பொய்க்கு நான் ஆசைப்பட்டு நின்றேன்.

"இல்லை டீச்சர்," என்றார். "முகம்தான் அரிச்சிருந்தது. பேரு நல்லாத் தெரிஞ்சது."

"வாசிச்சோ?"

"வாசிச்சேன்."

இவர் பாட்டில்களைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். வாசலில் நின்ற இவருடைய நிழல் மேஜை மேல் நீளமாக விழுந்திருந்தது.

"வெளிச்சம் மறையுது சார்," என்றார் டீச்சர் கடைசியில். "அவிடே நிக்கண்டா. வந்நு இரிக்கு."

இவர் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். டீச்சர் லென்ஸை எடுத்துக்கொண்டு, அடுத்த காசுக்காக என்னிடம் கையை நீட்டினார்.

அந்த வீட்டில் அதன்பிறகும் பல வருஷங்கள் இருந்தோம். என் பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது இவருக்குச் சோறு போட்டது டீச்சர்தான். அவருடைய மருந்தை வாங்கி வருவதும், ஆஸ்பத்திரிக்குப் போட்டில் கையைப் பிடித்து அழைத்துப் போவதும் இவர்தான். ஆனால் சார் என்பது மறுபடி சுந்தரா ஆகவில்லை. மாடியிலிருந்து அந்தக் குரல் வரும்போதெல்லாம் இவர் உடனே பதில் சொல்ல மாட்டார். ஒரு கணம் பொறுத்திருந்து பார்ப்பார், பிறகுதான் எழுந்து போவார்.